நீ எனக்குக் காட்டாத நோட்டு

அன்புள்ள குமரனுக்கு,

போன வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து போனில் நீ சொன்ன காரியத்தை நான் செய்யவில்லை. இந்த மாமல்லபுரம் வீட்டைக் காலி செய்து கூடுவாஞ்சேரிக்குப் போவதற்குள், பரண்மேல் கிடக்கும் உன் பரீட்சை நோட்டுகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிடச் சொன்னாய். இறக்கி வைத்தேன். பேப்பர்காரரும் வந்து தராசைக் கையில் எடுத்துவிட்டார். நடுவில் ஏதாவது சர்டிபிகேட் சிக்கியிருக்கப் போகிறதே என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாலாவது நோட்டில் நின்றுவிட்டேன். அரை மணி நேரம் வாசலில் நின்ற அவர், "இன்னா சார், விக்கிறியா படிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் நோட்டுகள் மொத்தம் பதினொன்று. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், விஷயம் முடிந்துவிடும்.

உனக்குத் தெரிந்த கதையையே முதலில் எழுதுகிறேன். நான் அதை எப்படிப் புரிந்து வைத்திருந்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ பி.காம். முடித்துவிட்டு, சி.ஏ. பரீட்சைக்காக மாம்பலத்தில் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஸ் என்கிற மூன்று வருஷப் பயிற்சியில் சேர்ந்தாய். காலை ஆறு மணி பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். பஸ்ஸில் எழுத முடியாது. ரயில் செங்கல்பட்டிலேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும், மடியில் நோட்டை வைத்து எழுதலாம். அதே ஆபீஸில் உன்னோடு வேலை பார்த்த சாமுவேல், ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்து உன் எதிரே உட்காருவான். அவன் அப்பா முதலில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர், பிறகு ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் ஆனவர். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் சாமுவேல். நீங்கள் இருவரும் ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தீர்கள். மூன்று மணி நேரத்துக்கு நூறு மார்க் என்றால் பதினாறு மார்க் கேள்விக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது நிமிஷம். செங்கல்பட்டில் வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்தால் ஊரப்பாக்கம் வருவதற்குள் முடித்தாக வேண்டும். முடிக்காதவன் மாம்பலத்தில் டீ வாங்கித் தர வேண்டும்.

ஒருநாள் எனக்கும் எங்கள் பத்திரிகையின் சென்னை ஆபீஸில் வேலை இருந்ததால் உங்களோடு வந்தேன். அன்று நீ போட்டது தீ விபத்துக் கணக்கு. ஒரு கம்பெனியின் குடோன் எரிந்துபோகிறது, கணக்குப் புத்தகங்கள் மட்டும் தப்பிக்கின்றன. போன வருஷத்து லாப விகிதத்தை வைத்து, எரியும்போது உள்ளே எவ்வளவு சரக்கு இருந்திருக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எவ்வளவு கேட்கலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். வண்டி ஊரப்பாக்கத்தை விட்டுப் புறப்பட்டது. சாமுவேல் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், ஊரப்பாக்கமே பூட்ச்சு, உன் குடோன் மட்டும் இன்னும் எரிஞ்சிகினே கீது" என்றான். எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பதறிப்போய், எங்கே எரிகிறது என்று கேட்டார். எத்தனையோ தீ விபத்துகளை எழுதியவன் என்ற பழக்கத்தில் நானும் யாருக்காவது காயமா என்று கேட்டேன். நீ தலை தூக்காமல், "அதுக்கு மார்க் இல்லப்பா" என்றாய்.

முதல் முறை பரீட்சை எழுதினாய். மற்றப் பேப்பர்கள் எல்லாம் ஐம்பதுக்கு மேல், அக்கவுண்ட்ஸில் மட்டும் முப்பத்தெட்டு. நாற்பது வேண்டும். ஒரு பேப்பர் போனால் அந்த குரூப்பில் உள்ள எல்லாப் பேப்பர்களையும் மறுபடி எழுத வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஐந்து கேள்வி எழுத வேண்டியதில் நாலுக்குத்தான் நேரம் இருந்தது என்றாய். எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. அப்படி நினைத்தேன். நேரத்துக்குள் எழுதி முடிப்பது என் தொழில். நாலு மணி பஸ் கண்டக்டரிடம் செய்திக் கவரைக் கொடுக்காவிட்டால் மறுநாள் பேப்பரில் மாமல்லபுரமே இருக்காது. இந்த வேலையில் இருபது வருஷம் இருந்தவனுக்கு, மகனுக்கு இதைச் சொல்லித் தரத் தெரியாதா என்று எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டேன். உண்மையான பரீட்சை போலவே மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை. கூடத்து மேஜையில் நீ, எதிரே சாய்வு நாற்காலியில் நான், மடியில் கடிகாரம். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க, சிற்பக் கூடத்திலிருந்து நான் வாங்கி வந்த ஒரு கல் துண்டு. வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிற டூரிஸ்ட் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். நீ எழுதி முடித்ததும் நோட்டை நான் வாங்கி சிவப்புப் பென்சிலால் திருத்துவேன். எனக்கு அக்கவுண்ட்ஸ் தெரியாது. ஆனால் எது வேண்டாத வரி என்று தெரியும் என நம்பினேன். விடை ஒரு பக்கத்தில் இருக்கும். அதன் கீழே ஒன்றரைப் பக்கத்துக்கு ஒர்க்கிங் நோட்ஸ் என்று தலைப்புப் போட்டு, இந்த விகிதம் எப்படி வந்தது, அந்தச் சரக்கை ஏன் கழித்தேன் என்று வரிசையாக எழுதியிருப்பாய். உன் நேரமெல்லாம் அதில்தான் போகிறது என்று முடிவு கட்டினேன். சிவப்புக் கோடு போட்டு அடித்தேன். "எரிஞ்சது எவ்ளோன்னு கேட்டா எவ்ளோன்னு சொல்லு. நீ எப்படி கண்டுபிடிச்சேங்கறது யாருக்குய்யா வேணும்?" என்றேன்.

நீ இரண்டு முறை எனக்கு விளக்கப் பார்த்தாய். கேள்வித்தாளின் தலைப்பிலேயே, ஒர்க்கிங் நோட்ஸும் விடையின் ஒரு பகுதி என்று அச்சடித்திருப்பதைக் காட்டினாய். நான் படித்தேன். பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகளைப் போல அதுவும் ஒரு சம்பிரதாயம் என்றேன். நீ கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டாய். சில வாரங்களில் உன் நோட்டு என் மனம்போல ஆகிவிட்டது. கேள்விக்கு ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை, கடைசியில் இரட்டைக் கோடு. ஐந்து கேள்விகளும் நாலே முக்காலுக்கு முடிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் "நன்று" என்று எழுதினேன்.

இங்கே உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் எங்கள் சென்னை ஆபீஸுக்குப் புதிதாக ஒரு உதவி ஆசிரியர் வந்திருந்தார். நான் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினால் நாலு வரி வரும். மீனவர் குப்பத்தில் கடல் அரித்த வீடுகளைப் பற்றி மூன்று நாள் அலைந்து எழுதியது, பெயர்ப் பட்டியல் இல்லாமல், குப்பத்தின் பெயர்கூட இல்லாமல் வந்தது. கேட்டதற்கு, நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்பதைப் படிக்க வாசகருக்கு நேரமில்லை என்றார். அதே வாக்கியத்தைத்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு அது தெரியவில்லை. நான் எழுதியதை அங்கே ஒருவர் வெட்டினார், நீ எழுதியதை இங்கே நான் வெட்டினேன்.

இரண்டாவது முறை ஐந்து கேள்விகளையும் எழுதிவிட்டு வந்தாய். முப்பத்தொன்று. முதல் முறையைவிட ஏழு மார்க் குறைவு. திருத்தியவர் தூங்கிக்கொண்டே திருத்தியிருப்பார் என்று சொன்னேன், நாலு பேரிடமும் அதையே சொன்னேன். பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆர்ட்டிகிள்ஸ் மூன்று வருஷமும் முடிந்துகொண்டிருந்தது. கடற்கரை ஓட்டல் ஒன்றின் மேனேஜர் எனக்குப் பழக்கம். அங்கே கேஷியர் இடம் காலியாக இருந்தது, அவர் ஆறு மாதம் பொறுப்பதாகச் சொன்னார். இன்னும் ஒருமுறை எழுது, தவறினால் ஓட்டலில் சேர்ந்துவிட வேண்டும் என்றேன். நீ தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே "சரிப்பா" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியாக இரண்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தாய். அந்த ஆறு மாதமும் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. முன்பைவிட வேகமாகவும் சுத்தமாகவும் எழுதினாய். திருத்துவதற்கே எனக்கு ஒன்றும் இல்லை. நான் கதை சொல்வேன், நீ சிரிப்பாய். அந்தக் காலத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது, குமரா. அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாவது முறை அறுபத்து நாலு வந்தது. ஓட்டல் மேனேஜரிடம் லட்டு கொடுத்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அடுத்த படியான கடைசிப் பரீட்சையையும் நீ முதல் தடவையிலேயே தாண்டினாய். அன்றிலிருந்து இந்த ஊரில் என்னிடம் மாட்டிக்கொண்ட யாரும் இந்தக் கதையிலிருந்து தப்பியதில்லை. உன் கல்யாண வரவேற்பில் மைக்கை வாங்கி, ஒரு வேண்டாத வரி இல்லாமல் எழுதக் கற்றுக்கொடுத்தேன், பையன் ஆடிட்டர் ஆகிவிட்டான் என்று பேசினேன். மாலையோடு நின்ற நீ தலையைக் குனிந்து சிரித்தாய். முதல் வரிசையில் சாமுவேலுக்குப் புரையேறியது. நண்பனின் கல்யாணத்தில் ஆனந்தம் தாங்காமல் இருமுகிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

இனி நான் நின்றுபோன அந்த நாலாவது நோட்டு. அதில் என் சிவப்புப் பென்சில் எங்குமே இல்லை. கையெழுத்து உன்னுடையதுதான், ஆனால் கோணலும் நடுக்கமுமாக இருக்கிறது. கேள்விகள் ஞாயிற்றுக்கிழமை நோட்டில் இருக்கும் அதே கேள்விகள். தேதியை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அந்த ஞாயிறுக்கு அடுத்து வரும் நாட்கள், திங்களிலிருந்து வெள்ளிவரை, நாளுக்கு ஒரு கேள்வி. பக்க ஓரத்தில் "ஊரப்பாக்கம், 31 நிமிஷம்", "கூடுவாஞ்சேரி, 26" என்று குறித்திருக்கிறாய். ஒவ்வொரு விடைக்கும் கீழே நான் அடிக்கச் சொன்ன ஒர்க்கிங் நோட்ஸ், சில இடங்களில் இரண்டு பக்கம் வரை. அப்படி மூன்று நோட்டு. எனக்காக எழுதியவையும் அதே ஆறு மாதத்துக்கு மூன்று நோட்டு. நான் செய்தி சேகரிக்கிற வழக்கப்படி எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு கணக்கையும் எனக்காக ஒருமுறை, பரீட்சைக்காக ஒருமுறை போட்டிருக்கிறாய்.

மறுநாள் செங்கல்பட்டுக்குப் போய் சாமுவேலின் ஆபீஸில் உட்கார்ந்தேன். இப்போது அவனிடம் மூன்று பேர் ஆர்ட்டிகிள்ஸ் செய்கிறார்கள். நோட்டுகளை மேஜைமேல் வைத்ததும் அவன் முகம் மாறியது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்து சொன்னான். இரண்டாவது முறை தவறியதும், உங்கள் ஆடிட்டர் உன்னை எதிரே உட்கார வைத்து ஒரு கேள்வியை எழுதச் சொல்லிப் பார்த்தாராம். எழுதி முடித்ததும், மீதி எங்கே என்று கேட்டாராம். நீ அதுவரை கண்ணில் தண்ணீர் விட்டு அவன் பார்த்ததில்லையாம்.

"கடைசி நம்பரு தப்பாப் போனா போவுது சார். எப்டி வந்தேன்னு எழுதி வெச்சா, வந்த தூரத்துக்கு மார்க் போடுவாங்க. உங்க புள்ள நம்பர மட்டும் வெச்சிட்டு வந்துட்டான். அந்த நம்பரும் தப்பு. அப்பொறம் இன்னாத்துக்கு மார்க் போடுவாங்க?"

ஏன் என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். சாமுவேல் டீ கிளாஸை நகர்த்தி வைத்தான்.

"நான் சொல்லிர்லாம்னுதான் சார் சொன்னேன். அவந்தான் வேணாண்டான்னான். பேப்பர்ல அவரு எழுதறத எல்லாம் வெட்டிர்றாங்க, ஞாயித்துக்கெயம ஒரு நாளுதான் வூட்ல சிரிச்சிகினு கீறாரு, அது பாட்டுக்கு இருக்கட்டும், எனக்கு இன்னா, ரயில்ல இன்னொருவாட்டி போட்டுக்கறேன்னான்."

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சட்டிபானைகளைப் பேப்பரில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். தனக்குத் தெரியும் என்றாள். "ஒரு புள்ளைக்கு ரெண்டு ரெண்டு நோட்டா வாங்கினு வந்தேன். ஊரு முழுக்க கேள்வி கேக்கறவரு, எதுக்குன்னு என்னெ ஒரு வார்த்த கேட்டீங்களா?" கேட்கவில்லைதான்.

அன்று நீ என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா அப்படியெல்லாம் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஏற்றிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், ஓட்டல் வேலையை இன்னும் சீக்கிரமே முடித்துக் கொடுத்திருப்பேன். நீ என்னைச் சரியாகக் கணித்திருந்தாய். உன் பாஸுக்கு நான் காரணமில்லை, உன் முப்பத்தொன்றுக்கு நான்தான் காரணம். கல்யாண மேடையில் சொன்னதற்குத் திருத்தம் இது. உன் மாமனார் வீட்டுக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அவர்களுக்கு எதற்கு என்கிறாள் அம்மா. தப்பாகச் சொன்ன இடத்தில்தானே திருத்தம் போட வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் நான் கிளம்பும்போது சாமுவேல் வாசல்வரை வந்து, "அவன் அப்டித்தான் சார். மஸ்கட்ல கம்பெனி மூடினப்பகூட" என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். வாய் தவறிச் சொல்லிவிட்டவர் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று கேள்விதான் கேட்டேன். அவன்மேல் கோபித்துக்கொள்ளாதே. கம்பெனி மூடிவிட்டதும், நாலு மாதம் நீ வேலையில்லாமல் இருந்ததும், லதாவையும் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் தங்கியதும், இப்போது பழையதைவிடச் சின்ன இடத்தில் சேர்ந்திருப்பதும் எனக்குத் தெரியும். அந்த நாலு மாதத்தில் பதினாறோ பதினேழோ வெள்ளிக்கிழமை வந்திருக்கும். ஒவ்வொரு வாரமும் நீ கூப்பிட்டாய். எல்லாம் நல்லா இருக்குப்பா, ஆபீஸ் நல்லாப் போவுது, பாப்பா நல்லாப் படிக்கிறா. மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுவாய். போனை வைத்துவிட்டு நான் அம்மாவிடம், எவ்வளவு அழகாகச் சுருக்கிப் பேசுகிறான் பார் என்று பெருமையாகச் சொல்வேன்.

குமரா, நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டு இதை எழுதவில்லை. நீ அங்கே திண்டாடிக்கொண்டிருந்தபோதும் இங்கே நான் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எனக்காகத் தனியாக ஒன்றைத் தயார் செய்து சொல்லிக்கொண்டிருந்தாய். ஆறு மாதம் என்று நான் நினைத்தது பத்துப் பன்னிரண்டு வருஷமாக நடந்திருக்கிறது. அதற்கு உன்னைப் பழக்கியவன் நான். இப்போது எனக்கு வயது அறுபத்தொன்று. எந்த ஆபீஸும் நான் எழுதுவதை வெட்டுவதில்லை, நான்தான் எழுதுவதை நிறுத்திவிட்டேனே. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு எல்லா நாளும் கிடைக்கிறது. என்னைப் பாதுகாக்கிற வேலை இனி உனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது எல்லாம் நல்லா இருக்கு என்று ஆரம்பிக்காதே. அந்த நாலு மாதம் காலையில் எழுந்து எங்கே போனாய், யாரைப் பார்த்தாய், என்ன சொல்லி அனுப்பினார்கள், லதா என்ன சொன்னாள், எந்த இடத்தில் தப்புச் செய்தோம் என்று உனக்குத் தோன்றியது, எல்லாவற்றையும் வந்த வழியிலேயே சொல். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. நான் குறுக்கே பேசமாட்டேன், யோசனை சொல்லமாட்டேன், வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லமாட்டேன்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டவள், அதை எடுத்துவிட்டு, "குறுக்கப் பேசாம நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் தாங்குவீங்களா?" என்றாள். தெரியவில்லை. நீ கூப்பிடு, பார்ப்போம்.

அப்பா